சித்தியின் பக்க மேசைகள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்தப்பா வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார்.
2. காளிகாட்டில் வங்கி கொடுத்திருந்த பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு, டாக்குரியாவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீட்டுக்கு வந்தோம்.
3. சித்தியின் ஏழு படி கொலு ஸ்டாண்ட் மாடிப்படியின் முதல் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலே போகவே இல்லை. கீழே இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.
4. கொலுப் பொம்மைகளைச் சென்னையில் இருக்கும் சித்தியின் அண்ணா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று சித்தப்பா தீர்மானித்தார்.
5. சித்தி மூன்று நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான்காம் நாள் காலை காப்பி ஆற்றிக்கொண்டே, "ஹாலுக்கு சைடு டேபிள் வேணும்" என்றாள்.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று காலை எனக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவும் அம்மாவும் அசன்சோலில் ரயில்வே குடியிருப்பில் இருந்தார்கள். நான் பாலிடெக்னிக்கில் வரைபடப் பயிற்சி படிப்பதற்காகச் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். பையில் எப்போதும் ஓர் அளவு டேப்பும் கட்டம் போட்ட நோட்டும் இருக்கும். பட்டியல் போடாமல் என்னால் காய்கறிகூட வாங்க முடியாது. சித்திக்கு இது பெரிய வேடிக்கை. "பல் தேய்க்கறதுக்கு லிஸ்ட் போட்டுட்டியாடி?" என்று கேட்பாள். ஆனால் சைடு டேபிள் வாங்கப் போகும்போது, "அந்த டேப்பை எடுத்துக்கோ" என்று அவளே நினைவூட்டினாள்.

பொம்மைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று தகரப் பெட்டிகள். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வரும்போது சித்தி கொண்டுவந்தது அவற்றில் ஒரு பெட்டிதான்: மரப்பாச்சி ஜோடி, தசாவதாரம், செட்டியாரும் செட்டிச்சியும். மற்ற இரண்டு பெட்டிகளும் இங்கே நிரம்பியவை. வருஷத்துக்கு ஒரு பொம்மை என்று இருபத்தாறு வருஷம் சேர்த்திருந்தாள். கிருஷ்ணநகர் மண் பொம்மைகள். நம் அரிவாள்மணை மாதிரியே ஒன்றைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மீன் நறுக்கும் கிழவி, டாக் மேளம் அடிக்கிற இருவர், ரசகுல்லாப் பானையோடு ஒரு தொந்திக்காரர், காக்கிச் சட்டையும் தோல் பையுமாக ஒரு டிராம் கண்டக்டர். சித்திக்குக் குழந்தை இல்லை. அதை அவள் பேச்சாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு பொம்மையையும் காட்டி அது எந்த வருஷம் வந்தது, அந்த வருஷம் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வாள். சென்னையில் அண்ணா வீட்டுக் கொலுவில் மீன் நறுக்கும் கிழவிக்கு எந்தப் படியில் இடம் கிடைக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பெட்டிக்குள்ளேயே இருப்பாள்.

சித்தப்பா கெட்டவர் இல்லை. பழைய வீட்டில் அந்த ஸ்டாண்ட் ஓர் அறையையே பிடித்துக்கொண்டு, மேலே பெட்ஷீட்டும் கீழே சூட்கேஸ்களுமாக வருஷம் முழுவதும் நின்றது. புது வீட்டில் அவருடைய நாற்காலியை ஜன்னலோரம் போட்டால் அலமாரிக் கதவு திறக்காது. அதனால் அவர் ஒரு விதி வைத்தார். "வருஷத்துல பத்து நாளைக்காக மீதி நாளெல்லாம் ஒரு மூலையை அடைச்சுண்டு நிக்கற எதுவும் இந்த ஆத்துக்குள்ள வரப்படாது. நவராத்திரிக்குள்ள படிக்கு ஒரு வழி இருந்தா சொல்லு. இல்லேன்னா பார்சல்." பார்சல் அனுப்பும் ஃபாரத்தைக்கூட ரயில்வே அலுவலகத்திலிருந்து வாங்கிவந்து டிவிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். நவராத்திரிக்கு அப்போது ஆறு வாரம் இருந்தது.

கரியாஹாட் கடைத்தெருவுக்குப் போகும் ஷேர் ஆட்டோவில்தான் சித்தி விஷயத்தைச் சொன்னாள். ஆட்டோக்காரருக்குத் தமிழ் புரியாது என்றாலும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். "படின்னா என்னடி? நாலு கால், மேல தட்டையா ஒரு பலகை. சைடு டேபிள்னா என்ன? அதேதான். வருஷம் பூரா மேசையா இருக்கட்டும். பத்து நாள் படியா இருக்கட்டும். உங்க சித்தப்பா எதைப் பார்சல் பண்ணுவார்னு பாக்கறேன்."

நான் உடனே நோட்டை எடுத்தேன். பக்க மேசை நல்லபடியாக அமைய, அதன் மேல்பலகை நாற்காலிக் கையின் உயரத்துக்கு வர வேண்டும். உட்கார்ந்தபடி கை நீட்டினால் டபரா எட்ட வேண்டும். நடக்கிற வழியில் காலில் இடிக்கக் கூடாது. படி நல்லபடியாக அமைய, ஒவ்வொன்றும் ஒரே அளவு உயர்ந்துகொண்டே போக வேண்டும். பலகை ஒரு பொம்மை ஆழத்துக்காவது இருக்க வேண்டும், ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு பட்டியலையும் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு கடை கடையாக ஏறினோம். கண்ணாடி மேசையில் பொம்மை வழுக்கும். வட்ட மேசைகளைச் சேர்த்து வைத்தால் நடுவில் பள்ளம் விழும். வளைந்த கால் வைத்தவை பார்க்க அழகு, ஆனால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. பிரம்பு மேசைகளைச் சித்தி இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள், ஆடின. நான்காவது கடையில் நான் டேப்பை நீட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தபோது கடைக்காரர் பொறுமை இழந்து, "மாஷிமா, மேசை வாங்க வந்தீங்களா, ஹூக்ளி மேல பாலம் கட்ட வந்தீங்களா?" என்று வங்காளியில் கேட்டார். சித்தி அவரைவிடச் சுத்தமான வங்காளியில், "பாலம்தான். உங்க கடையில இருக்கா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து ஒரு சிறிய மேசையைக் கொண்டுவந்து வைத்து, அதற்குள்ளிருந்து இன்னொன்றையும் அதற்குள்ளிருந்து மூன்றாவதையும் இழுத்துக் காட்டினார். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மேசைகள். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் தடம் பதிகிற அளவுக்கு அழுத்திப் பிடித்தாள். அந்த மூன்றுக்கும் உயர வித்தியாசம் இரண்டு விரல்கூட இல்லை, அகலமும் போதாது. ஆனால் இருவருமே அங்கே கொலுவைப் பார்த்துவிட்டோம்.

வரைபடம் போட எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. ஐந்து மேசைகள். உயரம் பத்து, பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தெட்டு, முப்பத்து நாலு அங்குலம். ஆழம் எல்லாவற்றுக்கும் பதினொன்று. அகலம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் மூன்று அங்குலம் கூடிக்கொண்டே போய், பெரியது மூன்று அடி. அடங்கினால் சுவரோரம் ஒரே ஒரு மெலிந்த மேசை. விரித்தால் முன்னால் குறுகிப் பின்னால் அகலும் ஐந்து படி. படத்தைப் பார்த்த சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பலகை எவ்வளவு வேணும்?" சொன்னேன். அவள் என்னைக் கீழே அழைத்துப் போனாள். மாடிப்படிக்கு அடியில், அந்த ஏழு படி ஸ்டாண்ட் இன்னும் சரிந்து கிடந்தது. "இதை அறுத்துடலாம்" என்றாள். இருபத்தாறு வருஷமாக வருஷாவருஷம் மஞ்சள் குங்குமம் இட்ட படி அது. நான் வாயைத் திறப்பதற்குள், "படிக்கு உசிர் பொம்மையிலதான் இருக்கு, பலகையில இல்லை" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டாள்.

டாக்குரியா ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருந்த தச்சரிடம் கொடுத்தோம். எல்லோரும் அவரை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தி அவரிடம் கொலுவைப் பற்றி மூச்சு விடவில்லை. சித்தப்பா தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் நடைப்பயிற்சி போவார், மிஸ்திரியிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வர மாட்டார். "சைடு டேபிள், அவ்வளவுதான்" என்றாள் சித்தி. மிஸ்திரி என் படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, "ஹோயே ஜாபே, தீதி" என்றார், ஆகிவிடும் அக்கா என்று. மாடிப்படிக்கு அடியில் ஸ்டாண்ட் இல்லாததைச் சித்தப்பா கவனித்தார். சித்தி மனதைத் தேற்றிக்கொண்டு யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அந்த வாரம் முழுவதும் கேட்காமலேயே காய் நறுக்கிக் கொடுத்தார்.

மகாளய அமாவாசை விடியலில் இந்த ஊரில் யாரும் தூங்குவதில்லை. எல்லா ஜன்னலிலிருந்தும் ரேடியோவில் ஒரே துர்க்கைப் பாராயணம். அன்று காலை எட்டு மணிக்கு மிஸ்திரியின் ஆள் சைக்கிள் வேனில் மேசைகளைக் கொண்டுவந்தான். எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கி, கயிறு கட்டி, பாலிஷ் வாசனையோடு இருந்தன. ஸ்டாண்ட் சிக்கிய அதே திருப்பத்தில் சுவரில் ஓர் உரசல்கூட இல்லாமல் ஏறின. சித்தப்பா பேப்பரை இறக்கிப் பார்த்து, "என்னது, பீரோவா?" என்றார்.

"சைடு டேபிள். டெலிஃபோனைத் தரையில வெச்சுண்டு பேச வேண்டியிருக்குன்னு நீங்கதானே குறைப்பட்டேள்?"

சித்தப்பா மேல்பலகையைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் பழைய ஆணித் துளை ஒன்றை மிஸ்திரி மெழுகு வைத்து அடைத்திருந்தார். அதன் மேல் அவர் விரல் நின்றது. "இது நம்ப படிப் பலகைதானே?" என்றார். சித்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேசைகளை இழுக்க ஆரம்பித்தாள். முப்பத்து நாலு சுவரோடு நின்றது. அதன் முன்னால் இருபத்தெட்டு. இருபத்திரண்டு. பதினாறு. சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். சித்தி மறுபடியும் கையை உள்ளே விட்டாள். கை வெறுமையாக வெளியே வந்தது.

"அடுத்தது எங்கடி?"

குனிந்து பார்த்தேன். அடுத்தது இல்லை.

முதலில் எண்ணிச் சொன்னவர் சித்தப்பாதான். "நாலு. நாலு படியில கொலு வைக்கற வழக்கம் எந்த ஆத்துல இருக்கு? ஒத்தைப் படையிலன்னா வைக்கணும்?" கொலுவே வேண்டாம் என்று பார்சல் ஃபாரம் வாங்கி வந்தவர் இப்போது கொலுவின் விதியைப் பேசுகிறார் என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்து அவர் குரலை இறக்கி, "ஒண்ணை எடுத்துட்டு மூணா வையேன். மிச்சத்தை மட்டும் அண்ணாவுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

சித்தி பெட்டியை அவர் பக்கமாகத் தள்ளினாள். "மூணுல யாரை வைக்கறது, யாரை அனுப்பறது? நீங்களே பொறுக்கிக் குடுங்கோ."

அவர் நிஜமாகவே பெட்டியைத் திறந்தார். பேப்பர் சுற்றிய ஒரு பொம்மையை எடுத்துப் பிரித்தார். டிராம் கண்டக்டர். அது வந்த வருஷம் சித்தப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் படுத்திருந்தார் என்றும், தேறி முதன்முதலாக வெளியே போன அன்று டிராமில் போய் அவரே வாங்கிவந்த பொம்மை அது என்றும் எனக்குத் தெரியும். அவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அடுத்ததை எடுக்கவில்லை. இதையும் பெட்டிக்குள் வைக்கவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். மிஸ்திரி கடை பூட்டியிருந்தது. துர்க்கை பூஜை நெருங்கினால் இந்த ஊரில் எந்தத் தச்சரும் கடையில் இருக்க மாட்டார், எல்லோரும் பந்தலில்தான். ஏரிப் பக்கத்து மைதானத்தில் இருபதடி மூங்கில் மேல் கயிறும் சுத்தியலுமாக இருந்தவரைக் கீழேயிருந்து கத்திக் கூப்பிட்டேன்.

"மிஸ்திரி, அஞ்சாவது எங்கே?"

"எந்த அஞ்சாவது?"

"சின்னது! பத்து அங்குலம்!"

"அது எதுக்கு, தீதிமோனி? அவ்வளவு தாழ்ந்த மேசையில யாரு டீ குடிப்பா? பூனையா?" பக்கத்து மூங்கிலில் இருந்த இருவரும் சிரித்தார்கள். "அந்தப் பலகையைத்தான் பெரிசுக்குக் காலா போட்டேன். ஆட்டம் இல்லாம நிக்குதுல்ல?"

"அது மேசை இல்லை! படி! பொம்மை வைக்கற படி!"

அவர் சுத்தியலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதை முதல்லயே சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தா காலை மெலிசா இழைச்சிருப்பேனே. இனிமே பூஜோ முடிஞ்சுதான்." அவர் சொன்னது நியாயம். என் பட்டியலில் உயரம், ஆழம், அகலம், பலகைக் கனம், பாலிஷ் நிறம் எல்லாம் இருந்தன. எதற்காக என்ற வரி இல்லை. இன்றுவரை நான் போடுகிற எந்த வரைபடத்திலும் முதல் வரி அதுதான்.

திரும்பி வரும்போது மாடிப்படியில் கீழ் வீட்டு பௌதி நின்றிருந்தாள். அவள் பெயர் எனக்கு இன்னும் தெரியாது. எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பௌதி, அண்ணி. என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னேன். படி, மேசை, நாலு, ஒற்றைப்படை, பூனை. பாதிதான் புரிந்திருக்கும். "எவ்வளவு உயரம் வேணும்?" என்றாள். கையால் காட்டினேன். அவள் உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மணைப்பலகையை இழுத்து வந்தாள். நான்கு குட்டைக் கால்கள், கறுத்த மரம், மேலே போன வருஷத்து மாக்கோலத்தின் வெள்ளைச் சுவடு. ஜொல்சௌகி என்பார்கள் இங்கே. அவர்கள் வீட்டு லட்சுமி பூஜைக்கு லட்சுமி உட்காருகிற பலகை அது.

"பௌதி, இது சாமி பலகையாச்சே?"

"லொக்கி பூஜோ விஜயதசமிக்கு அப்புறம் அஞ்சாம் நாள்தானே? அதுவரைக்கும் அவ கட்டிலுக்கடியில தூசியில கிடக்கணுமா? மேல வந்து உங்க பொம்மைங்களோட இருக்கட்டும். அவளுக்கும் பொழுது போகும்." அதை அவளே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினாள்.

டேப்பை வைத்துப் பார்த்தேன். ஒன்பதரை. "அரை அங்குலம் குறையறது" என்றேன். சித்தப்பா கண்டக்டர் பொம்மையை ஜாக்கிரதையாக நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். சரிகைக் கரை போட்ட அவருடைய கல்யாண வேஷ்டியோடு வந்தார். அதை நான்காக மடித்து ஜொல்சௌகி மேல் விரித்து, மிச்சத்தை மேலே மேலே ஏற்றி ஐந்து படியையும் மூடினார். "இப்போ பாரு" என்றார். பார்த்தேன். பத்து.

சித்தி கலசத்தை மேல் படியில் வைத்தபோது மணி பன்னிரண்டு. மூன்று பெட்டியும் காலியாயின. ஒரு பொம்மைகூட மிஞ்சவில்லை. மீன் கிழவி முன்படியில், லட்சுமியின் பலகை மேல், நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தாள். "ஓ மா! இது எங்க பேட்டை மார்க்கெட் கிழவிதான்!" என்று பௌதி கத்திய கத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த ஒன்பது நாளும் பந்தல் பார்க்கக் கிளம்பியவர்களெல்லாம் முதலில் எங்கள் மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டுத்தான் போனார்கள். வந்தவர்களுக்குச் சுண்டல் இருந்தது, காப்பி இருந்தது, டம்ளரை வைக்க மட்டும் வீட்டில் ஒரு மேசை இல்லை. எல்லா மேசை மேலும் கடவுள்கள். டெலிஃபோன் தரையில். சித்தப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்து சென்னைக்குப் பேசினார். "பொம்மையா? அதெல்லாம் அனுப்பறதுக்கில்லை. கொலு வெச்சாச்சே. என்னது? எங்கேருந்து படியா? அதை வந்து பாருங்கோ." பார்சல் ஃபாரத்தை எப்போது கிழித்தார் என்று தெரியாது. அதன் பின்பக்கத்தில் சுண்டல் பொட்டலம் கட்டியதை நான் பார்த்தேன்.

அந்த மேசைகள் மற்ற மாதங்களில் எப்படி இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அதில் சித்தி காட்டிய கவனம் கொலுவில் காட்டியதற்குக் குறைந்ததல்ல. மிக உயரமானது வாசல் பக்கம், டெலிஃபோனுக்கு. இருபத்தெட்டு ஜன்னலடியில், மணிபிளாண்டோடு. இருபத்திரண்டு சித்தப்பாவின் நாற்காலிக் கையை ஒட்டி, மூக்குக்கண்ணாடிக்கும் பேப்பருக்கும். பதினாறு திவானுக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றிலும் மூன்று பொருளுக்கு மேல் வைக்க விடமாட்டாள். உயரமாக ஒன்று, தட்டையாக ஒன்று, பச்சையாக ஒன்று. நாலாவது இடம் காலியாக இருக்க வேண்டும், அது வருகிறவர் டம்ளருக்கு. "மேசையை அலங்காரம் பண்ணலாம், அடைக்கப்படாது" என்பாள். வெளியாட்கள் அதிகம் வந்தால் நாலையும் ஒன்றுக்குள் ஒன்று தள்ளிவிடுவாள், ஹால் இரண்டடி பெரிசாகிவிடும். ஓய்வு பெற்ற பிறகு முதன்முறையாகச் சித்தப்பா நண்பர்களைச் சீட்டாடக் கூப்பிட்டது அந்த ஹாலுக்குத்தான். யாராவது மேசையைப் பாராட்டினால், "அது வெறும் மேசை இல்லை" என்று ஆரம்பிப்பார். சித்தி சமையலறையிலிருந்து, "ஆரம்பிச்சுட்டார்" என்பாள்.

பூஜை முடிந்ததும் மிஸ்திரி சொன்னபடியே ஐந்தாவதைச் செய்து கொண்டுவந்தார். கூலி வாங்க மறுத்தார். அதைச் சித்தி ஒரு நாள்கூட மேலே வைத்துக்கொள்ளவில்லை. மணிபிளாண்ட் துண்டு ஒன்றைச் சின்னத் தொட்டியில் நட்டு அதன் மேல் வைத்து, கீழ் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பௌதி தரையில் உட்கார்ந்துதான் டீ குடிப்பாள். பத்து அங்குலம் அவளுக்கு மிகச் சரியான உயரம்.

நான் இப்போது டாலிகஞ்சில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சிறிய வீடுகளுக்கு உள்ளமைப்பு வரைவது என் பொறுப்பு. சித்தியும் சித்தப்பாவும் அதே டாக்குரியா வீட்டில் இருக்கிறார்கள். பொம்மைப் பெட்டிகள் இப்போது நான்கு. மேசைகளில் நான்கு மேல் வீட்டிலும் ஒன்று கீழ் வீட்டிலும் உபயோகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு மகாளயத்தன்றும் ஜொல்சௌகி மூன்று மாடி ஏறி வருகிறது, லட்சுமி பூஜைக்கு முதல் நாள் இறங்கிப் போகிறது. கொலு ஒரு வருஷமும் நின்றதில்லை.